ஊட்டிக்குப் போற வழியில் ஓர் ஊர்

கோயமுத்தூர்க்காரரிடம், "உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் யோசிப்பார். "ஊட்டி இருக்குதுங்க" என்பார். ஊட்டி வேறு மாவட்டம். வேறு என்ன என்றால் பழனி. அது திண்டுக்கல் மாவட்டம். அப்புறம்? பாலக்காட்டுக் கோட்டை. அது வேறு மாநிலமே. உள்ளூருக்குள் இழுத்து வந்து நிறுத்தினால், "நல்ல தண்ணிங்க, நல்ல கிளைமேட்டுங்க" என்று முடித்துவிடுவார். தண்ணியையும் கிளைமேட்டையும் லீவு போட்டு வந்து யார் பார்ப்பது?

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ரெண்டாயிரம் வருஷமாக இந்த ஊருக்கு வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறெங்கோ போகத்தான் வந்தார்கள். மேற்கு மலைச்சுவரில் பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு சந்து விட்டிருக்கிறது. காற்று, மழை, மிளகு, படை, பக்தி, பரோட்டா எல்லாம் அந்தச் சந்து வழியாகத்தான் போக வர. சந்து முனையில் வீடு கட்டிக்கொண்டவன் திண்ணையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்ப்பானே, கொங்கு நாட்டுச் சரித்திரம் அப்படிப் பார்த்த சரித்திரம்தான்.

முதலில் வந்த பணக்கார கஸ்டமர் ரோமாபுரி. மேலைக் கடற்கரையில் முசிறியில் கப்பல் இறக்கி, கணவாய் வழியாகக் கிழக்கே சரக்குப் போய் வந்தது. நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணி பட்டை தீட்டினார்கள், இரும்பு உருக்கினார்கள். காங்கேயம் பக்கம் படியூரில் பச்சைக் கல் கிடைத்தது. ரோமாபுரிச் சீமாட்டிகளுக்கு அந்தக் கல்லின் மேல் தீராத ஆசை. நம் காசெல்லாம் இந்தியாவுக்குப் போகிறதே என்று பிளினி என்ற பெரியவர் 1-ஆம் நூற்றாண்டிலேயே புலம்பி எழுதி வைத்திருக்கிறார். போன காசு எங்கே என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். வெள்ளலூரில் புதைத்து வைத்திருந்தார்கள். 19-ஆம் நூற்றாண்டில் தோண்டத் தோண்டப் பானையோடு ரோமானிய வெள்ளிக்காசு வந்தது.

வெள்ளலூர் இன்றைக்குக் கோவை மாநகராட்சியின் குப்பைக் கிடங்குக்குப் பேர் போனது. அங்கேயே 2020-ல் ஒருங்கிணைந்த பேருந்து நிலையம் என்று ஒன்று கட்ட ஆரம்பித்துப் பாதியில் விட்டார்கள். கோடிக்கணக்கில் பணம் போய்க் கிடக்கிறது. ரோமாபுரிக் காலம் முதல் காசைக் கொண்டுபோய் வெள்ளலூர் மண்ணில் போடுகிற வழக்கம் விட்டுப் போகாமல் தொடர்ந்து வருவது ஒரு பெருமைதான்.

சரி, வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? அதற்கு முதல் சாட்சி புறநானூற்றில் இருக்கிறது. மோசிகீரனார் என்ற புலவர் நடந்து களைத்துச் சேரமான் அரண்மனைக்கு வந்தார். ரிசப்ஷனில் ஆள் இல்லை. மெத்தென்று பூப்பரப்பிய கட்டில் ஒன்று காலியாகக் கிடந்தது. படுத்தார், தூங்கிவிட்டார். அது வீரமுரசு வைக்கிற கட்டில். முரசைக் குளிப்பாட்டக் கொண்டுபோயிருந்தார்கள். அதில் வேறு யார் ஏறினாலும் ரெண்டு துண்டாக வெட்டவேண்டும் என்பது விதி. பெருஞ்சேரல் இரும்பொறை வந்து பார்த்தான். வாளை எடுக்கவில்லை, விசிறியை எடுத்தான். கவிஞர் கண் விழித்தபோது ராஜா நின்று வீசிக்கொண்டிருக்கிறான். சேரனின் தலைநகர் வஞ்சி கரூரா, கொடுங்கல்லூரா என்று பண்டிதர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நான் கரூர்க் கட்சி. கொங்கில் புக்கிங் இல்லாமல் ரூம் எடுத்து, ஃபேன் வசதியும் வாங்கிக்கொண்ட முதல் ஆள் மோசிகீரனார்.

எல்லாருக்கும் அந்த யோகம் அடிக்கவில்லை. கொங்கின் வடக்கு மூலையில் தகடூர் அதியமானிடம் போன ஔவையாரைப் பரிசு தராமல் காக்க வைத்துவிட்டார்கள். பாட்டிக்குக் கோபம் வந்தது. ராஜாவைத் திட்டவில்லை, வாசல்காரனைப் பிடித்துக்கொண்டு வெளுத்து வாங்கினார். எங்களுக்கு எந்தத் திசையில் போனாலும் சோறு உண்டு, உங்கள் ராஜா தன்னையும் அறியவில்லை, என்னையும் அறியவில்லை என்கிற தினுசில். ஒற்றை ஸ்டார் கொடுத்த இந்த அம்மாள்தான், எத்தனை நாள் எத்தனை பேரோடு போனாலும் முதல் நாள் முகம் மாறாதவன் அதியமான் என்றும் பாடியிருக்கிறார். ரெண்டும் புறநானூற்றில் இருக்கின்றன. நிர்வாகம் எதையும் நீக்கச் சொல்லவில்லை.

பக்திக் காலத்துக்கு வந்தால் நிலைமை மோசம். சுந்தரமூர்த்தி நாயனார் சேரமான் பெருமாளைப் பார்த்துவிட்டுப் பொன்னும் பட்டும் மூட்டை மூட்டையாக ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு திரும்புகிறார். அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில் திருமுருகன்பூண்டி. இருட்டில் வேடர்கள் வளைத்துக்கொண்டு மூட்டையோடு துணியையும் உருவிவிட்டார்கள். புராணப்படி வேடர் வேஷத்தில் வந்தது சிவபெருமானின் பூதகணம். தன் ஆளுக்கு வேறொருத்தன் கொடுத்த காசு எதற்கு என்று சாமிக்கு வருத்தமாம். சுந்தரர் நேரே கோயிலுக்குப் போய்ப் பதிகமாகவே புகார் கொடுத்தார். வழிப்பறி நடக்கிற ஊரில் உமக்கு என்ன வேலை என்று முகத்துக்கு நேரே கேட்டார். மறுபேச்சில்லாமல் மூட்டையெல்லாம் கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தது. பயணி புகார் கொடுத்த கையோடு பறிபோன சாமான் ஒன்று குறையாமல் திரும்பிய கேஸ், எனக்குத் தெரிந்து அதற்குப் பிறகு இந்தப் பக்கம் நடக்கவில்லை.

இதே சுந்தரர் பேரூருக்கு வந்தார். கொங்கு விருந்தோம்பலைப் பற்றிக் கூட்டத்தில் பேசுகிறவர்கள் இந்தக் கதையை மட்டும் விட்டுவிடுவார்கள். சுந்தரர் வந்தால் பொன் கேட்பார். அந்த ஊர்ச் சாமி பட்டீசுவரர் கையில் அன்றைக்குக் காசில்லை. என்ன செய்தார்? அம்மனைக் கூட்டிக்கொண்டு வயலில் இறங்கி, கூலியாட்கள் மாதிரி நாற்று நட ஆரம்பித்துவிட்டார். நந்தியிடம், "யார் வந்து கேட்டாலும் சொல்லாதே" என்று உத்தரவு. நந்தி பாவம், பொய் சொல்லத் தெரியாத ஜீவன். சுந்தரர் கேட்டதும் வயல் பக்கம் காட்டிக் கொடுத்துவிட்டது. சாமிக்கு வந்ததே கோபம்! மண்வெட்டியாலேயே ஒரு போடு. நந்தியின் தாடை போயிற்று. ஆனி மாதம் பேரூரில் நாற்று நடவு விழா இன்றும் நடக்கிறது. "அப்பா வீட்ல இல்லீங்க" என்று பிள்ளையை விட்டுச் சொல்லச் சொன்ன கொங்குக் குடும்பஸ்தர் யாருக்காவது குற்ற உணர்ச்சி இருந்தால் அந்த விழாவுக்குப் போய் வரலாம். முன்னுதாரணம் பெரிய இடத்தில் இருக்கிறது.

சோழர்கள் வந்தார்கள். 9-ஆம் நூற்றாண்டில் சுண்டக்காமுத்தூர் பக்கம் மலைப் பாறையில் "ராசகேசரிப் பெருவழி" என்று வெட்டி வைத்துவிட்டுப் போனார்கள். ராசகேசரி என்பது ஆதித்த சோழனின் பட்டம். அடுத்தவன் ஊர் ரோட்டுக்குத் தன் பேரை வைப்பது நேற்று ஆரம்பித்த பழக்கமில்லை என்பதற்கு அந்தப் பாறை சாட்சி. அப்புறம் மைசூர்க்காரர்களும் கும்பினிக்காரர்களும் கோயமுத்தூர்க் கோட்டையை மாற்றி மாற்றிப் பிடித்தார்கள். 1791-ல் சால்மர்ஸ் என்ற லெப்டினன்ட் கைப்பிடி ஆட்களை வைத்துக்கொண்டு திப்புவின் படையைத் தாக்குப் பிடித்துப் பார்த்தார். கடைசியில் அவருக்குச் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் ரூம் கிடைத்தது. அவர்கள் யாருக்கும் இந்த ஊர் வேண்டியதில்லை. கணவாயின் சாவிதான் வேண்டும். ஊர்க்காரர்கள் பருத்தியையும் சோளத்தையும் விதைத்துக்கொண்டு, இந்த வருஷம் தீர்வை யாருக்குக் கட்டவேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

கோயமுத்தூருக்குச் செய்யப்பட்ட மகத்தான துரோகம் 1819-ல் நடந்தது. செய்தவர் கோயமுத்தூர் கலெக்டரேதான். ஜான் சல்லிவன்.

அதற்கு முந்தின வருஷம் அவருடைய உதவியாளர்கள் விஷ், கிண்டர்ஸ்லி என்று ரெண்டு வெள்ளைக்காரப் பையன்கள் நீலகிரி மேலே ஏறினார்கள். புகையிலைக் கடத்தல்காரனைத் துரத்திக்கொண்டு போனதாக ஒரு கதை உண்டு. கடத்தல்காரன் அகப்பட்டானா என்று யாரும் கேட்கவில்லை. மேலே குளுகுளுவென்று ஐரோப்பா மாதிரி இருக்கிறது என்று வந்து சொன்னதுதான் சேதி. சல்லிவன் 1819 ஜனவரியில் தானே ஏறிப் பார்த்தார். அவ்வளவுதான், ஆளைக் கீழே இறக்க முடியவில்லை. கோத்தகிரிப் பக்கம் பங்களா, பிறகு ஊட்டியில் கல் பங்களா, ஏரி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், ஐரோப்பியப் பழமரம். தோடர்களிடம் ஏக்கர் 1 ரூபாய்க்கு நிலம் வாங்கினார் என்பார்கள். கோயமுத்தூர்ச் சம்பளத்தில் ஊட்டியைக் கட்டிய மனிதர். இன்றைக்கும் ஊட்டியில் அவரைக் கொண்டாடுகிறார்கள், கோத்தகிரிப் பக்கம் அவர் பேரில் நினைவகம் இருக்கிறது. அவர் கலெக்டராக இருந்த ஊரில் பத்துப் பேரை நிறுத்திச் சல்லிவன் யார் என்று கேட்டால், ஒன்பது பேர் எந்தப் படத்து வில்லன் என்பார்கள்.

பிறகு ரயில் வந்தது. வந்தது என்றால் கோயமுத்தூருக்கு இல்லை. 1860-களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரயில்வே கம்பெனி மேலைக் கடற்கரையைப் பார்க்கப் பாதை போட்டபோது, தண்டவாளம் போத்தனூர் வழியாக ஊரைத் தொடாமல் போய்விட்டது. பத்து வருஷத்துக்கு மேல் கழித்து 1873-ல்தான் கோயமுத்தூரில் ஸ்டேஷன். அதுவும் எப்படி? போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளை போட்டார்கள். மேட்டுப்பாளையம் எதற்கு? ஊட்டிக்குப் போக. நடுவில் கோயமுத்தூர் இருந்ததால் நிறுத்தினார்கள். மலை ரயில் 1899-ல் குன்னூரையும் 1908-ல் ஊட்டியையும் தொட்டுவிட்டது. துரைமார் கோயமுத்தூரை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். அந்த வடு முழுசாக ஆறவில்லை. கேரளா போகிற ரயில்கள் பல நம் காலத்திலும் ஜங்ஷனுக்கு வராமல் போத்தனூர், இருகூர் வழியாக ஓடி, ஊரில் கண்டனக் கூட்டமெல்லாம் போட்டார்கள். 150 வருஷத்துக்குப் பிறகும் தண்டவாளத்துக்குப் பழைய ஞாபகம்.

ரயில் வந்ததும் கோயமுத்தூர்க்காரருக்கு ஒரு யோசனை வந்தது. நம் ஊரைப் பார்க்கத்தான் ஒருவரும் வருவதில்லை, நாம் போய் அடுத்த ஊரைப் பார்த்தால் என்ன? சே.ப. நரசிம்மலு நாயுடு கிளம்பினார். "கோயமுத்தூர் கலாநிதி" பத்திரிகை நடத்தியவர். வடநாடெல்லாம் சுற்றி 1889-ல் "ஆரிய திவ்ய தேச யாத்திரையின் சரித்திரம்" என்று பெரிய புத்தகமே போட்டார். தமிழில் பயண நூல் எழுதிய முன்னோடிகளில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர், எழுதியது காசியைப் பற்றி! அவரை இதற்கு மேல் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. சிறுவாணித் தண்ணியை ஊருக்குக் கொண்டுவரவேண்டும் என்று முதலில் கத்தியவர்களில் அவரும் உண்டு. 1922-ல் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், தண்ணி 1930-ஐ ஒட்டித்தான் வந்து சேர்ந்தது. ஆக இந்த ஊரில் பார்க்க இருக்கிற ஒன்று, குடிக்கவும் முடிகிற ஒன்று, அந்த மனிதர் வாயால் வந்தது.

வெள்ளைக்காரன் கோயமுத்தூரில் இலவசத் தங்குமிடமும் நடத்தினான். 1908-ல் அங்கே வந்து இறங்கிய பெரிய விருந்தாளி வ.உ.சி. சொந்தமாகக் கப்பல் ஓட்டிய மனிதரைக் கணவாய் ஓரத்து ஊரில், கடல் கண்ணில் படாத இடத்தில் வைத்து, மாட்டுக்குப் பதில் செக்கில் கட்டி இழுக்க விட்டது அந்தச் சர்க்கார். ரெண்டு வருஷம் கழித்துக் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். செக்கு இங்கேயே இருக்கிறது. ஊட்டி பொட்டானிக்கல் கார்டனுக்கு வரிசையில் நிற்கிறவர்கள் இதற்கு ஒரு அரை மணி நேரம் ஒதுக்கினால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஒரு ஓட்டல் சர்வரால் கொங்கின் போக்குவரத்தே மாறியதைச் சொல்லவேண்டும். கலங்கல் கிராமத்துப் பையன் ஒருவன், வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துப் பித்துப் பிடித்துப் போனான். கோயமுத்தூர் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்து காசு சேர்த்து அந்த வண்டியையே வாங்கினான். ஓட்டிப் பார்ப்பதற்கு முன் அக்கு அக்காகப் பிரித்து மாட்டிப் பார்த்த ஆள். ஸ்டேன்ஸ் துரை கடன் கொடுக்க, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே தன் கையாலேயே பஸ் ஓட்டினார் ஜி.டி. நாயுடு. கவனியுங்கள், எங்கிருந்து எங்கே? பக்தர்களை ஏற்றிக்கொண்டு பழனிக்கு! மேதை உள்ளூர்தான், சவாரி வெளியூருக்குத்தான்.

சினிமாவும் இங்கே வந்து தங்கிப் பார்த்தது. சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா என்று ஊரே மேக்கப் போட்டுக்கொண்டு திரிந்த காலம். ஜூபிடர் படக் கம்பெனியின் "ராஜகுமாரி" 1947-ல் வந்தபோது அதன் கதாநாயகன் எம்.ஜி.ஆர். அந்தப் படத்துக்கு வசனம் எழுத வந்து சிங்காநல்லூரில் வாடகை வீட்டில் இருந்தவர் மு. கருணாநிதி. ரெண்டு பேரும் ஊரை விட்டுப் போய்ச் சென்னையில் முதலமைச்சர் ஆனார்கள். கோடம்பாக்கத்துக்கும் கோட்டைக்கும் போகிற வழியில்கூடக் கோயமுத்தூர்தான் ஸ்டேஷன்.

இவ்வளவு பேர் வந்து போன ஊரில் லாட்ஜுத் தொழில் ஏன் இத்தனை தாமதமாகச் சூடு பிடித்தது என்றால், காரணம் எங்கள் பெரியம்மாக்கள். கொங்கில் சொந்தக்காரர் ஊருக்கு வந்து லாட்ஜில் ரூம் போடுவது கிட்டத்தட்ட கிரிமினல் குற்றம். தோட்டத்துச் சாளைக்குள் நுழைகிற ஒறம்பரையிடம் விசாரணை இப்படிப் போகும்.

"வா கண்ணு. அம்மா நல்லாருக்குதா? எலை போடட்டுமா?"

"வேண்டாங் பெரிமா, சாப்ட்டுட்டுத்தான் வந்தேனுங்."

"அது அப்பொ சாப்ட்டது. இப்பொ அரிசிம்பருப்பு சோறு வெச்சிருக்கறன். பையி எங்க?"

"பையி... காந்திபுரத்துல ரூம் போட்டுருக்கறனுங் பெரிமா."

கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம், "ஏங் கண்ணு, நாங்கெல்லாம் செத்தா போயிட்டம்?"

அதற்கு மேல் எந்த ஓட்டல்காரனால் தாக்குப் பிடிக்க முடியும்? பஞ்சு வியாபாரத்துக்கு வந்த குஜராத்திச் சேட்டும், மெஷின் வாங்க வந்த பஞ்சாபியும், ஆஸ்பத்திரிக்கு வந்த மலையாளிக் குடும்பமும்தான் காட்டூரிலும் ராம் நகரிலும் காந்திபுரத்திலும் லாட்ஜுகளைக் காப்பாற்றினார்கள். இங்கே பெரியம்மா இல்லாத பாவப்பட்டவர்கள். கல்யாணம் ஆகாத ஜோடி ரூம் கேட்டுப் போனால் மட்டும், எங்கிருந்தோ நாலு பெரியம்மாக்கள் ரிசப்ஷன் மேனேஜர் உருவத்தில் எழுந்து வருவார்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஊர் யாரிடமும் கைகட்டி நின்றதில்லை, ஒரே ஒரு தடவை தவிர. 2024 செப்டம்பரில் கொடிசியா அரங்கில் ஒன்றிய நிதியமைச்சர் முன்னால் ஓட்டல் அதிபர் ஒருவர் எழுந்து, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவிகிதம், கஸ்டமரோ கிரீமைத் தனியாகக் கொடு நானே வைத்துக்கொள்கிறேன் என்கிறார் என்று சொன்னார். அரங்கமே சிரித்தது. அடுத்து அவர் மன்னிப்புக் கேட்கிற வீடியோ வெளியே வந்தது. அதற்குச் சிரிப்பு வரவில்லை. அதியமானை வாசலில் நின்று திட்டிய ஔவைப் பாட்டி எந்த வீடியோவிலும் வந்து மன்னிப்புக் கேட்டதாக இலக்கியத்தில் குறிப்பில்லை.

2025 அக்டோபர் 9-ஆம் தேதி அவிநாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறந்தார்கள், ஜி.டி. நாயுடு பேரில். விமான நிலையப் பக்கம் இறங்கி வருகிறவர் இப்போது ஊரின் தலைக்கு மேலேயே பறந்துவிடலாம். ரோமாபுரி வியாபாரிக்கும் மெட்ராஸ் ரயில்வேக்கும் வாய்க்காத வசதி, கோயமுத்தூரைத் தொடாமலே கோயமுத்தூரைக் கடப்பது.

ஆனால் மாநகராட்சி கெட்டிக்காரத்தனமாக ஒரு பொறி வைத்திருக்கிறது. சேலம், ஈரோடு, திருப்பூர் பஸ் காந்திபுரத்தில். மதுரை, திருச்சி பஸ் சிங்காநல்லூரில். பொள்ளாச்சி, பழனி, பாலக்காடு என்றால் உக்கடம். ஊட்டி பஸ் மேட்டுப்பாளையம் ரோடு பஸ் ஸ்டாண்டில். மதுரையிலிருந்து வந்து இறங்குகிறவர் ஊட்டி பஸ்ஸைப் பிடிக்க டவுன் பஸ் ஏறி ஊரின் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போயே ஆகவேண்டும். வேறு வழியே இல்லாமல் கோயமுத்தூரைச் சுற்றிப் பார்க்க வைக்கிற ஒரே சுற்றுலாத் திட்டம் இதுதான், நன்றாகவே நடக்கிறது. வெள்ளலூரில் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டியிருந்தால் இதுவும் போயிருக்கும்.

வருகிறவர்களுக்கு இன்னொரு தகவல். நீலகிரிக்குள் சொந்த வண்டியில் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. கோயமுத்தூருக்கு எந்தப் பாஸும் வேண்டாம். ரயிலில் வருகிறவர்கள் மட்டும் டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள், சில வண்டிகள் போத்தனூரோடு போய்விடும்.